செண்பகம் தைத்த கன்றுகள்

மாப்பிள்ளையூரணியில் ஒரு வைக்கோல் கன்றுக்குட்டி மூச்சு விட்டதாம். அந்த மூச்சு பட்ட நாலைந்து பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்களாம்.

இதை எனக்குச் சொன்னவன் கிங்ஸ்டன். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். மஸ்கட்டில் எனக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறான். ஒரு கல்யாண வரவேற்பில் பிரியாணித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே சொன்னான். அவனுக்குச் சொன்னது அவன் கொழுந்தியாள். கொழுந்தியாளுக்குச் சொன்னது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த யாரோ ஒரு பெண்.

"சிரிக்காத ஜெப்ஸி. அதுக்குக் கண்ணு அசைஞ்சத பாத்தவங்களே இருக்காங்களாம்."

"யாரு செஞ்ச குட்டியாம்?"

"மாட்டுக்காரி ஒருத்தி. பேரெல்லாம் யாரு கேட்டா?"

பேர் கேட்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கன்று செத்துப் பிறந்தால் பசு பாலை மடியில் அடக்கிக்கொள்ளும். மடி கல்லாகி, வலி தாங்காமல் கிட்டப் போகிறவர்களை உதைக்கும். அந்தக் கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்து முகத்துக்கு முன்னால் நிறுத்தினால், நக்கிக்கொண்டே பாலை இறக்கிவிடும். அப்படிப் பசுவே நம்பும்படி தைக்கிறவள் தூத்துக்குடி சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். செண்பகம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள். அம்மா அன்று காலையில் குடித்த காப்பியும் அவள் பாலில் போட்டதுதான்.

தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா தேவகனி, நாசரேத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தூத்துக்குடி வீட்டில் தனியாக இருக்கிறாள்.

"செண்பகத்துக்குக் காய்ச்சல்தான். வருது, போவுது. அதுக்கு நீ ஏன் அங்கன இருந்து பதறுத?"

"நீங்க பாலக் காய்ச்சித்தான குடிக்கீங்க? பொங்க விட்டா, இல்ல சும்மா சூடு பண்ணியா?"

"ஏளா, எனக்கே பால் காய்ச்சச் சொல்லித் தாரியா? போன வை."

கிறிஸ்துமஸுக்கென்று வைத்திருந்த லீவை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

செண்பகத்துக்கு ஐம்பதை ஒட்டி வயது. குட்டை உருவம், அகலத் தோள். பைபாஸ் ரோட்டு லாரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. எதிரில் நிற்பவருக்குக் காது கேட்காது என்ற நினைப்பிலேயே பேசுவாள். மாப்பிள்ளையூரணியில் வீடுகள் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் அவள் வீடு. பக்கத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டில், அதில் ஐந்து பசுக்கள். வீட்டுக்காரர் இசக்கியப்பன் ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். மாடு, பால், வீடு எல்லாம் அவள் பொறுப்பு. அந்தப் பொறுப்பு பாரமாக இருக்கிறது என்று அவள் வாயால் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் உப்புக் குடோனில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள். தையல் இறுகிப்போனால் சாக்கு கிழியும், தளர்ந்தால் உப்பு சிந்தும். இரண்டுக்கும் நடுவில் கோணி ஊசியை எப்படி இழுப்பது என்று அவள் கைக்குத் தெரியும். கல்யாணமான மறுவருஷம், புகுந்த வீட்டுப் பசு செத்த கன்றைப் போட்டது. கறக்கப்போன மூன்று பேரையும் உதைத்துத் தள்ளியது. யாரோ பெரியவர் வைக்கோல் கன்று செய்யலாம் என்றார். செய்யத்தான் ஆள் இல்லை. புதுப்பெண் எழுந்து போய் ஊசியை எடுத்து வந்தாள். தைத்து முடித்தபோது ஒரு காது மேலேயும் இன்னொரு காது கீழேயுமாக இருந்ததாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பசு சிரிக்கவில்லை, நக்கியது, பாலை விட்டது.

"மாட்டுக்குக் காது கணக்கு கிடையாதுளா. அதுக்கு வாடைதான் கணக்கு" என்பாள் அவள்.

அன்றிலிருந்து திரேஸ்புரம் தொடங்கி ஆத்தூர் வரைக்கும் மாடு வைத்திருக்கிறவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். கூலி கேட்க மாட்டாள். அந்த வீட்டுச் சீம்பாலில் ஒரு தூக்குச்சட்டி போதும்; கருப்பட்டி போட்டு அவித்துத் தெருவுக்கே கொடுப்பாள். ஒருமுறை, வீட்டில் வைத்துத் தைத்து முடித்த குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆத்தூருக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கண்டக்டராகவும் அவளே நடிப்பாள்.

"கண்டக்டர் சொல்லுதான், 'எக்கா, ஆட்டுக்குட்டிக்கே டிக்கெட்டு உண்டு, இது கன்னுக்குட்டி'ங்கான். 'வே, உள்ள இருக்கது வைக்கோலு, வைக்கோலுக்கும் டிக்கெட்டு போடுவீரா'ன்னேன். 'அப்ப லக்கேஜ் போடுதேன்'ங்கான். 'பிள்ளையப் போயி லக்கேஜுங்கீரே, நீரு வெளங்குவீரா'ன்னேன். பஸ்ஸு பூராவும் சிரிக்கி. மனுசன் பின்னாடி போனவன்தான், ஆத்தூர் வார வரைக்கும் என் பக்கம் திரும்பல."

வேடிக்கைக்காகச் சொன்னாலும், அதைப் பிள்ளை என்று அவள் சொன்னது வேடிக்கையில்லை. உரிக்கும்போதும் அடைக்கும்போதும் அது செத்த கன்று. அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பக்கத்தில் விட மாட்டாள். தானும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கடைசித் தையலைப் போட்டு, முடிச்சை அறுத்து, நாலு காலையும் ஊன்றி நிறுத்திவிட்டால் அது வேறு. உடனே அதற்குப் பேர் வைப்பாள். அதன் முதுகில் தட்டிக்கொண்டு பேசுவாள். அதற்குப் பிறகு அதைச் செத்தது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவாள்.

அவள் வேலை செய்கிற விதத்தில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பசுவின் முதல் பீச்சையும் நேரே வாயில் வாங்கி ருசி பார்த்துவிட்டுத்தான் செம்பை வைப்பாள். நாக்கில் உப்புக் கரித்தால் அந்தக் காம்பில் கோளாறு என்பாள். கையுறை என்கிற பேச்சே அந்தக் கொட்டிலில் கிடையாது.

நான் போன அன்று மத்தியான நேரத்தில் அவள் நைலான் கட்டிலில் படுத்திருந்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"யாரு, ஜெப்ஸியா? மஸ்கட்டுல எண்ணெய் தீந்து போச்சாக்கும், அதுக்குள்ள வந்துட்ட?"

"உங்க கன்னுக்குட்டி மூச்சு விடுதுன்னு அங்க வரைக்கும் சேதி வந்துட்டுக்கா."

"மூச்சு மட்டுமா? நேத்து சிலேட்டுல ஆனா ஆவன்னா எழுதிச்சு." சிரித்தவள், பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள் ஜெயசெல்வி, அவளுடைய ஒரே மகள். சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அம்மாவின் குரல் அப்படியே அவளுக்கும்.

"சாயங்காலம் ஆச்சுன்னா காய்ச்சல் ஏறுது ஜெப்ஸிக்கா. விடியக்குள்ள சேலை தொப்பலா நனைஞ்சிருது. அந்த வேர்வை வாடை இருக்கே, நனைஞ்ச வைக்கோல் மாதிரி. எம்மா, ஒன்னையும் யாரோ வைக்கோல் அடைச்சுத் தச்சிட்டாவன்னு சொன்னா அடிக்க வாரா."

"என்னையத் தைக்கணும்னா நாந்தான் எந்திரிச்சு வந்து தைக்கணும். வேற ஆளு ஏது?" என்றாள் செண்பகம் படுத்தபடியே.

பக்கத்துக் கிளினிக்கில் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். சாப்பிடுகிறவரை அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். அடுத்த வீட்டுச் செல்வராணிக்கும் இதே கதை. பஸ் பேச்சில் நாலைந்து பேராகப் பெருகியவர்கள் உண்மையில் இந்த இரண்டு பேர்தான்.

கன்றுக்குட்டி வீட்டுக்குள்ளேயே நின்றது. வெளியே விட்டால் நாய் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று முன்னறையில், ஜெயசெல்வியின் கட்டில் தலைமாட்டில் நிறுத்தியிருந்தார்கள். செவலை நிறம், நெற்றியில் சுட்டி. கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புப் பித்தான்கள். போன மாதம் மயிலை என்கிற பசு காலத்துக்கு முன்னாலேயே போட்ட கன்று. அதைத் தைத்து முடிக்கிற நேரத்தில் துறைமுகத்தில் கப்பல் ஊதியதால் அதன் பேர் கப்பல்.

பேசிக்கொண்டிருந்தபோதே வாசலில் பைக் நின்றது. கால்நடை டாக்டர் பிரைட்டன். சின்ன வயது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். முந்தின வாரம் வெள்ளச்சி என்கிற இன்னொரு பசுவும் அதேபோல் குறைமாதத்தில் கன்றைப் போட்டுவிட்டதால், சந்தேகப்பட்டு எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்துப் போயிருந்தார். முடிவைச் சொல்ல வந்திருக்கிறார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"எக்கா, உங்களுக்கு எத்தன நாளா காய்ச்சல்?"

"எனக்கு இருக்கட்டும் தம்பி. மாட்டுக்கு என்ன சொல்லுதாவ?"

"மயிலைக்கும் வெள்ளச்சிக்கும் புரூசெல்லோசிஸ். மத்த மூணும் தப்பிச்சிட்டு. மாட்டுக்கு இது வந்தா சினை நிக்காது, கடைசி மாசத்துல கன்னு விழுந்துரும். மனுசனுக்கு வந்தா..." அவர் கட்டிலைக் காட்டினார். "இதுதான்."

"மாட்டு நோவு எனக்கு எப்பிடி வரும்? எனக்கு என்ன கொம்பா இருக்கு?"

"விழுந்த கன்னு, கூட வார இளங்கொடி, அதோட தண்ணி, இதுலதான் கிருமி அவ்வளவும் இருக்கும். வெறுங்கையால தொட்டா ஒரு சின்னக் கீறல் போதும். பச்சப்பாலக் குடிச்சாலும் வரும்."

செண்பகம் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கோணி ஊசி ஏறாத விரல் அவளுக்கு இல்லை. பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. மருந்து உண்டுமா, இல்லியா?" என்றாள்.

"உங்களுக்கு உண்டு. ரத்தம் பாத்துட்டு ஆறு வாரம் விடாம மாத்திரை. இடையில நிறுத்தக்கூடாது. மாட்டுக்கு மருந்து கிடையாது. ரெண்டையும் தனியாக் கட்டணும். சந்தையில கொண்டு விடக்கூடாது, வாங்குதவன் வீட்டுக்கும் போயிரும்."

"என் நோவ அடுத்தவன் தலையில கட்டவா நான் மாடு வளக்கேன்? தனியாக் கட்டுதேன். மாத்திரையும் சாப்பிடுதேன். இவ்வளவுதான, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு?"

அவர் சிரித்துவிட்டார். "மயிலை கன்ன வேற யாரெல்லாம் தொட்டா?"

"செல்வராணி காலப் புடிச்சா. நான் உரிச்சேன். அவ்வளவுதான்." பிறகு குரலை உயர்த்திச் சொன்னாள்: "எம் மவ தொடல. வயித்துப்பிள்ளக்காரி கண்ணுல செத்தது படக்கூடாதுல்லா? அன்னைக்குப் பூராவும் அடுத்த தெருவுல கொண்டு உக்கார வச்சிருந்தேன். கொட்டில் வாசல்ல நிக்க விடல."

"நல்ல காரியம் பண்ணுனீங்க. கர்ப்பிணிக்கு வந்தா வயித்துல இருக்க பிள்ளைக்கு ஆபத்து. கலைஞ்சிருதது கூட உண்டு."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெயசெல்வி கூப்பிட்டாள்.

"எம்மா."

"என்னளா?"

"கப்பலுக்கு யாரும்மா உப்பு தேய்க்கா?"

பிரைட்டன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்ன கப்பல்?"

காய்ச்சலில் செண்பகம் படுத்ததிலிருந்து காலையும் மாலையும் ஜெயசெல்விதான் அதைச் செய்கிறாள். பசு ஆசையாக நக்க வேண்டுமென்று கன்றின் முதுகிலும் கழுத்திலும் உப்புத் தண்ணீரைக் கையால் தேய்ப்பாள். வயிற்றோடு அணைத்துத் தூக்கிப் போய் மயிலையின் முன்னால் நிறுத்துவாள். காய்ச்சலோடு எழுந்து வந்து செண்பகம் கறந்து முடித்ததும், எச்சில் ஊறிக் கிடக்கிற தோலைத் துடைத்து மறுபடியும் தன் கட்டில் தலைமாட்டில் கொண்டுவந்து வைப்பாள். செய்யச் சொன்னது செண்பகம்தான். செத்தது கண்ணில் படக்கூடாது என்று மகளை அடுத்த தெருவுக்கு அனுப்பியவள், நாலு நாள் கழித்து அதே தோலை மகள் கையில் கொடுத்திருக்கிறாள். அவள் ஏமாற்றவுமில்லை, மறக்கவுமில்லை. அவளைப் பொறுத்தவரை அதற்குள் அது வேறொன்றாகிவிட்டது.

பிரைட்டன் முன்னறைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முந்தின வாரம் வந்தபோது கொட்டிலோடு திரும்பிப் போயிருந்தார். வீட்டுக்குள் இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது.

"இது அந்தக் கன்னோட தோலா?"

"தம்பி, அது குட்டில்லா" என்றாள் செண்பகம். அவள் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

"தோலுக்கா."

செண்பகம் கட்டிலை விட்டு எழுந்தாள். இடுப்பைப் பிடிக்கவில்லை.

"இப்ப என்ன செய்யணும், சொல்லும்."

அவர் சொன்னார், அவள் செய்தாள். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பை கட்டி, வாயில் துணி கட்டி, கப்பலைத் தூக்கிக்கொண்டு உப்பளத்து ஓரம் போனாள். குழி தோண்டுகிறேன் என்று வந்த அடுத்த வீட்டுக்காரரை, கிட்ட வராதேயும் என்று நிறுத்திவிட்டு அவளே தோண்டினாள். வைக்கோல் நன்றாகக் காய்ந்திருந்ததால் தீ சட்டென்று பிடித்தது. சாம்பல் மேல் சுண்ணாம்பைக் கொட்டி மூடினாள். ஜெயசெல்வியின் கட்டில், பாய், தலையணை எல்லாம் வெளியே வந்தன. முன்னறையை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கழுவும்போது பழைய குரல் திரும்பியிருந்தது.

"ஏளா, அங்கன நிக்காத, ஈரம். வேற சேலை மாத்து. கைய முழங்கை வரைக்கும் சோப்புப் போடு. இன்னொருக்கப் போடு."

மறுநாள் பெரியாஸ்பத்திரியில் செண்பகம், ஜெயசெல்வி, செல்வராணி மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தோம். என் நச்சரிப்பு தாங்காமல் அம்மாவும் கையை நீட்டினாள். "எடுத்துப் பாத்தாத்தான் ஒனக்குத் தூக்கம் வரும்னா எடுத்துக்கோ" என்று நர்ஸ் எதிரிலேயே சொன்னாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. "பொங்கக் காய்ச்சின பாலு. கிங்ஸ்டன் கொழுந்தியாகிட்டயும் சொல்லிரு" என்றாள். செண்பகத்துக்கும் செல்வராணிக்கும் இருந்தது; அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். ஜெயசெல்வியின் ரத்தத்தில் மட்டும் முடிவு தெளிவாக இல்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; வெளியூர் லேபுக்கு அனுப்பிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. இருந்தால் கர்ப்பிணிக்கு ஏற்ற மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் தெரிய வேண்டும், குழந்தையின் அசைவைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் செண்பகம் மகளின் வயிற்றில் கை வைக்கப் போனாள். பாதியில் நிறுத்திக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அசையுதாளா?"

"நல்லா உதைக்கான். ஒன்ன மாதிரி."

"உதைக்கட்டும். நம்ம வீட்டுல உதைக்குதது எதுவும் சோடை போனதில்ல."

முடிவு வருகிறவரை அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. சமீபத்தில் தைத்துக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போக வேண்டும் என்றாள். காய்ச்சல்காரி தனியாகப் போகக்கூடாது என்று ஜெயசெல்வி பிடிவாதம் பிடித்ததால் நானும் ஆட்டோவில் கூடப் போனேன். திரேஸ்புரத்தில் ஒரு வீட்டில் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். செண்பகம் சாத்திய கதவுக்கே சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அந்தத் தெருவே கேட்டது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற ஒருவர் வாசலில் மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன செண்பகம், ஒன் குட்டி மூச்சு விடுதாமே?"

"மூச்சு விடல அண்ணாச்சி, நோவு விடுது. ஒம்ம மாட்டுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லும். நான் தச்ச தோலு கிடந்தா கையால தொடாம எரிச்சிரும்."

"அப்ப நீதான் என் கொட்டிலுக்கு நோவக் கொண்டு வந்தியா?"

"நான் கொண்டாந்திருப்பேன். இல்ல, ஒம்ம கொட்டில்லருந்து என் வீட்டுக்குக் கொண்டு போயிருப்பேன். ரத்தம் எடுத்தா யாரு யாருக்குக் குடுத்ததுன்னு அப்புறம் சண்ட போடலாம். ஒம்ம மருமவ மாசமாத்தான இருக்கா? அவளக் கொட்டில் பக்கம் விடாதேயும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் முகம் இறங்கியது. உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் கேட்டாள்: "லேப்காரன் ஞாயித்துக்கிழமையும் வேல பாப்பானாளா?"

கொட்டிலும் மாறிவிட்டது. மயிலையும் வெள்ளச்சியும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றன. குட்டி இல்லாமல் அவை விட்ட கொஞ்சநஞ்சப் பாலும் சுண்ணாம்புக் குழிக்குப் போனது. கையுறையின் ரப்பர் வாடை பிடிக்காமல் மாடுகள் தலையைத் திருப்பின. "எனக்கு மட்டும் புடிச்சிருக்காக்கும்? நில்லு" என்று அதட்டிக்கொண்டே கறந்தாள். வாயில் பீச்சிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். செம்பைக் காம்புக்கு நேராகக் கொண்டுபோகும்போது அவள் உதடு தானாகத் திறக்கும், உடனே மூடிக்கொள்வாள்.

லேப் முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட அன்று, சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளையும் வந்துவிட்டார். செண்பகம் தலை சீவிப் புதுச்சேலை கட்டித் தயாராக நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கொட்டிலில் கொம்பிக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. நோய் இல்லாத மூன்றில் ஒன்று, நிறைமாதம். ஒரு குளம்பு வெளியே தெரிந்தது, இன்னொன்று வரவில்லை. பிரைட்டனுக்குப் போன் போட்டோம். எட்டயபுரம் பக்கம் ஒரு மாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் வர நேரம் ஆகும் என்றும் சொன்னார்.

செண்பகம் மகளைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள்.

"நீங்க போங்க. டாக்டரம்மா சொன்ன உடனே எனக்குப் போன் போடு. ஒங்க அப்பாவுக்கு இல்ல, மாமியாருக்கு இல்ல. முதல்ல எனக்கு."

"நீ வரலியாம்மா?"

"இத இப்பிடி விட்டுட்டு வந்தா ரெண்டு உசுரும் போயிரும். நான் வந்து ஒன் ரத்தத்துல என்ன மாத்தப் போறேன்? போ, வெரசாப் போ."

ஆட்டோ தெருமுனை திரும்பி மறைகிறவரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பழைய சேலைக்கு மாறி, பிரைட்டன் கொடுத்திருந்த தோள் வரை வருகிற கையுறையை மாட்டி, முகத்தில் துணியைக் கட்டினாள். எனக்கும் ஒரு ஜோடி கையுறையைத் தூக்கிப் போட்டாள். "மஸ்கட்டுக்காரி, வாலப் புடி. முகத்தத் திருப்பிக்கோ. பயந்தா மாட்டுக்குத் தெரிஞ்சிரும்."

பயந்தேன். மாட்டுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. செண்பகம் வலது கையை முழங்கைக்கு மேல் உள்ளே விட்டிருந்தாள்.

"ஒரு காலு மடங்கிக் கிடக்கு. உசுரு இருக்கு. விரலச் சப்புது பாரு, களவாணி."

அவள் போன் கொட்டில் சுவர்மேல் இருந்தது. அப்போதுதான் அடித்தது. திரையில் 'ஜெயா' என்று பேர் வந்தது, கூடவே வளைகாப்பன்று எடுத்த படம்.

செண்பகத்தின் முதுகு அசையாமல் நின்றது. என் இரண்டு கையுறையும் முழங்கை வரை கொழகொழவென்று நனைந்திருந்தன. நாலடி தூரத்தில் சுவர். ஆனாலும் கேட்டேன்.

"எடுக்கட்டுமாக்கா? ஸ்பீக்கர்ல போடுதேன்."

"அந்தக் கையோடயா?"

"கழட்டிட்டுக் கழுவிட்டு..."

"வால விட்டன்னா உதைப்பா. அங்கனயே நில்லு." மூச்சு வாங்கினாள். "அவ எனக்குத்தான் அடிக்கா. நாந்தான் எடுக்கணும். இந்தக் காலு மட்டும் நேரா வரட்டும்."

அடித்து ஓய்ந்தது. கொம்பி ஒருமுறை முக்கி, கால் மாற்றி நின்றது. செண்பகம் கன்னத்தை மாட்டின் தொடையில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே அவள் விரல் குளம்பைத் தேடுவது அவள் தோளில் தெரிந்தது.

"வா, மக்கா. வா. பைய வா."

அவள் யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.